படக்கதை வீராங்கனையும் நமது பெண்களும்

(அரூரில் பெண்கள் வாசகர் கூட்டமொன்றில் செய்த பிரசங்கம்)



இன்று என்னைப் பேசச் சொன்ன விஷயத்தைக் கேட்டதும் முதலில் எனக்கே சிரிப்பு வந்தது. படக்கதைப் புஸ்தகத்தில் வரும் வீராங்கனையைப் பற்றிப் பேசவேண்டுமாம். பெண்களுக்குச் சொத்து, படிப்பு, கூலி என்று பேசவேண்டிய சங்கதிகள் மலைபோல் கிடக்கும்போது, மேல்நாட்டார் குழந்தைகளுக்காக அச்சடித்த பொம்மைப் புஸ்தகத்துக்கு ஒரு பிரசங்கமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அப்படி நினைப்பவர்களை நான் ஒன்று கேட்கிறேன். நமது பெண்களுக்கு அடிமைப்புத்தி எதைப் படித்து வந்தது? சட்டப் புஸ்தகத்தைப் படித்தா வந்தது? எழுத்தே தெரியாத கிழவிக்கும் நளாயினி புருஷனைக் கூடையில் சுமந்துகொண்டு தாசி வீட்டுக்குப் போன கதை தெரியும். சீதை நெருப்பில் இறங்கிய கதை தெரியும். கதையைக் கேட்டுக் கேட்டுத்தான் பெண் தன் கழுத்தைத் தானே நீட்டப் பழகினாள். ஒரு சமூகத்தில் பாதிப்பேரை அடிமையாக்குவதற்குக் கதையே போதுமானதாக இருந்திருக்கும்போது, புதிதாக வரும் கதைகளைத் தட்டிப் பார்த்து வாங்குவது எப்படி வீண்வேலையாகும்?

ஆகவே இரண்டு படக்கதைப் பெண்களை எடுத்துக்கொள்ளுகிறேன். ஒருத்தி 1941-ல் அமெரிக்காவில் பிறந்த வொண்டர் வுமன், அதாவது அற்புதப் பெண். மற்றொருத்தி 2014-ல் நம் நாட்டுப் படக்கதையில் பிறந்த பிரியா. இரண்டு பேரிடமும் நான் கேட்கப் போகும் கேள்வி ஒன்றுதான். அம்மா! உன் பலம் உனக்கு எங்கிருந்து வந்தது? அதைத் திருப்பிப் பிடுங்கிக்கொள்ளும் அதிகாரம் யார் கையிலிருக்கிறது?

அதற்கு முன் என் சொந்த சங்கதி கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் சிறுமியாயிருந்தபோது எங்கள் வீட்டில் காமிக்ஸ் என்பது அண்ணனுடைய உரிமை. கோலப் புஸ்தகம் என்னுடைய உரிமை. 1984-ல் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் என்று ஒன்று தொடங்கி, முதல் வெளியீடாகவே மாடஸ்டி என்னும் ஒரு பெண்ணின் கதையைத் தமிழில் கொண்டுவந்தார்கள். அண்ணன் அதைப் படித்துவிட்டுப் பரணில் போட்டான். நான் பரணில் ஏறி எடுத்தேன். பீட்டர் ஓ'டானெல் என்னும் இங்கிலீஷ்காரர் 1963-ல் எழுதத் தொடங்கிய கதை அது. போரில் நாதியற்றுப் போய் அகதியாய்த் திரிந்த ஒரு சிறுமி தன் புத்தியாலும் தேகப் பயிற்சியாலும் ஆளான கதை. அவளுக்கு ஒரு தேவதையும் வரம் கொடுக்கவில்லை, ஒரு ரிஷியும் மந்திரம் சொல்லவில்லை. பெண்பிள்ளை அடி வாங்குவதை மாத்திரமே பார்த்துப் பழகிய என் கண்ணுக்கு, ஒரு பெண்பிள்ளை அடி கொடுப்பதைப் பார்த்தது பெரிய படிப்பாக இருந்தது. அதனால்தான் படக்கதையை நான் இலேசாக நினைப்பதில்லை.

நிற்க, அமெரிக்க அற்புதப் பெண்ணுக்கு வருவோம். அவளை எழுதியவர் வில்லியம் மௌல்டன் மார்ஸ்டன் என்னும் மனோதத்துவ சாஸ்திரி. பொய் சொல்லுகிறவனுடைய இரத்த அழுத்தம் ஏறுவதைக் கொண்டு பொய்யைக் கண்டுபிடிக்கலாம் என்று ஆராய்ச்சி செய்தவர். அற்புதப் பெண் கையிலிருக்கும் தங்கக் கயிற்றில் கட்டுண்டவன் அவள் சொன்னபடி கேட்டே தீரவேண்டும். பிற்காலத்தார் அதை உண்மையைக் கக்கவைக்கும் கயிறு என்றே ஆக்கிவிட்டார்கள். படம் போட்டவர் ஹெச். ஜி. பீட்டர். இவர் இளவயதில் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்ட கிளர்ச்சிக் காலத்தில் அதற்காகப் பத்திரிகையில் படம் போட்டவர்.

கதை இதுதான். ஆண்பிள்ளையே இல்லாத ஒரு தீவு. அங்கிருக்கும் பெண்கள் பழங்காலத்தில் ஹெர்க்குலிஸ் என்னும் வீரனால் விலங்கிடப்பட்டு அடிமைப்பட்டிருந்தவர்கள். தப்பி வந்த பிறகு அந்த அடிமைத்தனம் மறந்துபோகாமலிருக்கக் கையில் காப்பு அணிந்துகொண்டார்கள். அந்தக் காப்பினாலேயே துப்பாக்கிக் குண்டைத் தட்டிவிடவும் பழகினார்கள். நமது பெண்களையும் இங்கே சற்று நினைத்துப் பாருங்கள். நாம் அடிமைச் சின்னத்தைப் பவுனில் செய்து, அதைக் கழற்றினால் பாவம் என்று கண்ணில் ஒற்றிக்கொள்ளுகிறோம். அவர்கள் அடிமைச் சின்னத்தைக் கேடயமாக்கிக்கொண்டார்கள். கதையில் இன்னொன்றும் உண்டு. ஒரு ஆண்பிள்ளை அந்த இரண்டு காப்புகளையும் சங்கிலியால் சேர்த்துப் பூட்டிவிட்டால் அவள் பலமெல்லாம் போய்விடும்.

இந்தச் சங்கிலி சங்கதியில் மார்ஸ்டனுக்கு வேறு ருசியும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பக்கத்துக்குப் பக்கம் பெண்களைக் கட்டிப் போட்டே படம் வருகிறதே என்று குழந்தைப் படிப்பில் அக்கறையுள்ள பெண்மணியொருத்தி அப்போதே கண்டித்திருக்கிறார். அந்தக் கண்டனம் நியாயமானதே.

ஆனால் அந்தக் காப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? மார்ஸ்டன் வீட்டில் சட்டப்படியான மனைவி எலிசபெத் ஒருத்தி. அவளோடு ஆலிவ் பைர்ன் என்னும் பெண்ணும் மனைவியாகவே அதே வீட்டில் வாழ்ந்தாள். ஆலிவ் இரண்டு கையிலும் பெரிய காப்பு அணிந்திருப்பாள். அதைப் பார்த்துத்தான் கதையில் காப்பு வந்தது. இந்த ஆலிவ் யார்? கர்ப்பத்தடைக் கிளர்ச்சிக்குத் தலைவியாயிருந்த மார்கரெட் சாங்கர் அம்மையாரின் தங்கை மகள்! 1916-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் சாங்கரும் அவர் தங்கை எதல் பைர்னும் நியூயார்க்கில் புரூக்ளின் பகுதியில் ஏழைப் பெண்களுக்காகக் கர்ப்பத்தடை வைத்தியசாலை ஒன்றைத் திறந்தார்கள். போலீஸ் பத்து நாளில் மூடியது. 1917-ல் எதல் பைர்னுக்கு 30 நாள் ஜெயில். அந்த அம்மாள் ஜெயிலில் பட்டினி கிடந்தாள். வாய் வழியாகக் குழாயைச் செருகிப் பலாத்காரமாக ஆகாரம் செலுத்தினார்கள். அவள் பெற்ற மகளுடைய காப்புத்தான் அற்புதப் பெண்ணின் காப்பு. இந்த உறவை அந்தக் குடும்பத்தார் வெகுகாலம் வெளியில் விடவில்லை. ஜில் லெப்போர் என்னும் சரித்திர ஆசிரியை 2014-ல் வெளியிட்ட புஸ்தகத்தில்தான் இது விரிவாக வெளிவந்தது.

இந்த இடத்தில் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. அதே சாங்கர் அம்மையார் 1935-ல் இந்தியாவுக்கு வந்து, டிசம்பர் மாதத்தில் வார்தாவில் காந்தியாரைச் சந்தித்து வாதாடினார். காந்தியார் கர்ப்பத்தடைக் கருவிகள் கூடாது, இந்திரிய நிக்கிரகமே வழி என்று சொல்லிவிட்டார். அவர் மகாத்மா, அவரால் முடியும். குடித்துவிட்டு வரும் புருஷனிடம் இந்திரிய நிக்கிரகத்தைப் பற்றி உபதேசம் செய்ய எட்டுப் பிள்ளை பெற்ற பெண்ணால் முடியுமா? அதே காலத்தில் தமிழ்நாட்டில் ஈ.வெ.ரா. கர்ப்பத்தடையைப் பற்றிக் 'குடி அரசி'ல் எழுதிக்கொண்டிருந்தார். தேச ஐசுவரியத்துக்காக, தாயின் தேக நலத்துக்காகக் கர்ப்பத்தடை வேண்டும் என்று மற்றவர்கள் சொன்னபோது, அதெல்லாம் இரண்டாவது, பெண் விடுதலையாகவும் சுயேச்சையாகவும் இருப்பதற்கே அது வேண்டும் என்பது அவர் வாதம். புரூக்ளினில் மூடப்பட்ட அந்த வைத்தியசாலையின் சங்கதி ஒரு பக்கம் படக்கதையாயிற்று, இன்னொரு பக்கம் ஈரோட்டில் தலையங்கமாயிற்று என்று சொன்னால் அது கொஞ்சம் மிகைதான். ஆனாலும் இரண்டும் ஒரே கேள்வியிலிருந்து பிறந்தவை.

சரி, அவளுக்குப் பலம் எங்கிருந்து வந்தது? மார்ஸ்டன் எழுதிய கதையில் தாயாகிய ராணி களிமண்ணால் ஒரு குழந்தை செய்ய, ஒரு தேவதை அதற்கு உயிர் கொடுத்தாள் என்று இருக்கிறது. நம்மூர்ப் பிள்ளையார் அழுக்குருண்டையில் பிறந்ததுபோலத்தான். பகுத்தறிவுக்காரர் இதில் பூரித்துப்போக ஒன்றுமில்லை. ஆனால் மார்ஸ்டன் ஒன்று செய்தார். அந்தத் தீவுப் பெண்களுக்கு இருக்கும் பலம் பயிற்சியால் வருவது, பழகினால் எந்தப் பெண்ணுக்கும் வரும் என்றும் கதைக்குள்ளேயே சொல்லவைத்தார். 1942 முதல் அவள் புஸ்தகத்தின் நடுவில் சரித்திரத்தில் உண்மையாக வாழ்ந்த பெண்களைப் பற்றி நாலு பக்கப் படக்கதை வரும். முதலாவதாக வந்தவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். பொய்க் கதையைப் படிக்க வந்த சிறுமி மெய்யான பெண்ணையும் தெரிந்துகொண்டு போவாள். 1943-ல் ஒரு கதையில் அவளை அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்கே நிறுத்தினார். கதை நடப்பது ஆயிரம் வருஷத்துக்குப் பின்னால் என்று போட்டிருந்தார். 2024 தேர்தல் வரையில் பார்த்தால், அவர் போட்ட கணக்கு அப்படியொன்றும் அளவுக்கு மீறினதாகத் தெரியவில்லை.

இனி அவளுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். ஆண் வீரர்களெல்லாம் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். 1942-ல் இவளையும் அதில் சேர்த்தார்கள். என்ன உத்தியோகம் கொடுத்தார்கள்? காரியதரிசி! ஆண்பிள்ளைகள் யுத்தத்துக்குப் போவார்கள், ஆகாயத்தையே பிளக்கும் பலமுள்ள இவள் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நம் ஊர்ச் சங்கங்களில் பெண்ணுக்குக் கிடைக்கும் பதவி என்ன என்று நான் சொல்லவேண்டியதில்லை. வரவேற்புரை, குத்துவிளக்கு, காப்பி.

1947-ல் மார்ஸ்டன் இறந்தார். அவருடைய மனைவி எலிசபெத், சட்டம் படித்தவள், இந்தக் கதை பிறந்த வீட்டில் இருந்தவள், அந்தப் பொறுப்பைத் தன்னிடம் கொடுக்கும்படி கம்பெனிக்கு எழுதிக் கேட்டாள். கொடுக்கவில்லை. மார்ஸ்டனுக்கு உதவியாகப் 19 வயதில் சேர்ந்து பல கதைகளைத் தானே எழுதிய ஜாய் ஹம்மல் என்னும் பெண்ணின் பெயரைப் புஸ்தகத்தில் போட்டதே கிடையாது. உலகத்திலேயே பலசாலியான பெண்ணின் கதையை எழுதியவள் ஒரு பெண், அவள் பெயர் மாத்திரம் வெளியில் வரக்கூடாது! புது ஆள் வந்தார். சரித்திரப் பெண்களின் பக்கங்கள் போயின. அந்த இடத்தில் எந்தெந்த நாட்டில் எப்படியெப்படிக் கலியாணம் நடக்கிறது என்று பக்கங்கள் வந்தன. அற்புதப் பெண் குழந்தை பார்த்துக்கொள்ளுகிறவளானாள், புடவைக்கடை பொம்மைபோல உடை காட்டுகிறவளானாள், தான் காப்பாற்றிய விமானக்காரன் தன்னைக் கட்டிக்கொள்ளுவானா என்று ஏங்குகிறவளானாள். 1968-ல் கடைசியாக இருந்த பலத்தையும் பிடுங்கி, ஒரு துணிக்கடை வைத்துக் கொடுத்து உட்கார்த்திவிட்டார்கள்!

தோழர்களே! இங்கேதான் நான் கேட்ட இரண்டாவது கேள்விக்கு ஜவாபு இருக்கிறது. கலம் யார் கையிலோ பலம் அவர் கையில். எழுதுகிறவனுக்குச் சம்பளம் கொடுப்பவன் நினைத்தால் ஒரே மாதத்தில் அவள் கையை முறித்துவிடலாம்.

திரும்ப எப்படிக் கிடைத்தது? கம்பெனிக்காரன் மனம் இளகியா கொடுத்தான்? 1940-களில் அந்தப் புஸ்தகத்தைப் படித்த சிறுமிகள் வளர்ந்து பெரிய பெண்களானார்கள். அவர்களில் ஒருத்தியான குளோரியா ஸ்டைனம் 1972-ல் தொடங்கிய 'மிஸ்' என்னும் பெண்கள் பத்திரிகையின் முதல் மாத இதழ் அட்டையில் அற்புதப் பெண்ணையே போட்டு, இவளை ஜனாதிபதியாக்குங்கள் என்று அச்சடித்தார்கள். பலத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்டார்கள். 1973-ல் கொடுத்தார்கள். அவளால் பெண்கள் விடுதலையானார்கள் என்று சொல்லுவது பிசகு. பெண்கள் போய் அவளை விடுதலை செய்தார்கள் என்பதுதான் நடந்த சங்கதி.

அதோடு முடிந்ததா? இல்லை. 2011-ல் கம்பெனியார் கதையை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். அப்போது என்ன செய்தார்கள் தெரியுமா? அவள் களிமண்ணில் பிறக்கவில்லை, கிரேக்கரின் தேவராஜனாகிய ஜீயஸுக்கும் ராணிக்கும் பிறந்தவள் என்றார்கள். எழுபது வருஷம் தகப்பனில்லாமல் குண்டைத் தட்டிக்கொண்டிருந்தவளுக்கு ஒரு தகப்பனைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தத் தகப்பன் யோக்கியதை என்ன? நமது இந்திரனுக்கு அண்ணன். பெண்களை ஏமாற்றுவதற்காக மாடாகவும் அன்னமாகவும் வேஷம் போட்டவன். களிமண் கதையும் புளுகுதான், ஜீயஸ் கதையும் புளுகுதான். ஆனால் புளுகிலும் ஒரு நோக்கம் இருக்கிறது பாருங்கள். பெண்ணின் பலத்துக்கு ஒரு ஆண்பிள்ளை காரணமாயிருந்தால்தான் சிலருக்குத் தூக்கம் வருகிறது.

2016 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபையார் பெண்கள் முன்னேற்றத்துக்கு அவளைக் கௌரவ ஸ்தானாபதியாக நியமித்தார்கள். அதே மாதத்தில்தான் அந்தச் சபையின் பொதுக் காரியதரிசி ஸ்தானத்துக்கு ஏழு பெண்கள் போட்டியிட்டும் ஒரு ஆண்பிள்ளையையே தேர்ந்தெடுத்தார்கள். நாற்காலியை ஆணுக்குக் கொடுத்துவிட்டு, பெண்ணுக்குப் படத்தைக் கொடுத்தார்கள். அச்சபையின் சிப்பந்திகளே விழாவில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். சுமார் 45,000 பேர் ஆட்சேபித்துக் கையெழுத்திட்டார்கள். டிசம்பரில் நியமனம் முடிந்தது. சரஸ்வதிக்குப் பூஜை போட்டுவிட்டு வீட்டுப் பெண்ணைப் படிப்பை நிறுத்தச் சொல்லும் நம்மவர்களுக்கு இந்தத் தந்திரம் புதிதல்ல.

இனிப் பிரியா. 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பஸ்ஸில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமையையும், அதற்காக ஜனங்கள் தெருவில் இறங்கியதையும் நீங்கள் அறிவீர்கள். அந்தக் கிளர்ச்சியிலிருந்த ராம் தேவினேனி என்னும் சினிமாக்காரர் ஒரு போலீஸ்காரரிடம் பேசினாராம். நல்ல பெண் இராத்திரியில் தனியாக நடக்கமாட்டாள் என்று அவர் ஜவாபு சொன்னாராம். அதிலிருந்து பிறந்தது 'பிரியாவின் சக்தி' என்னும் படக்கதை. டான் கோல்ட்மன் படம் போட்டார். கிராமத்துப் பெண் பிரியா பலாத்காரம் செய்யப்படுகிறாள். சொந்த வீட்டாரே அவளை வெளியே தள்ளுகிறார்கள். காட்டுக்குப் போகிறாள். தன்னைப் பின்தொடர்ந்து வந்த புலியைக் கண்டு பயந்து ஒடுங்கியவள், ஒரு நாள் அதை எதிர்த்து நின்று அடக்கி, அதன் மேலேறிக்கொண்டு ஊருக்குத் திரும்புகிறாள். பிறகு 2016-ல் திராவகம் வீசப்பட்ட பெண்களைப் பற்றியும், 2019-ல் பெண்களைக் கடத்தி விற்பதைப் பற்றியும் அவள் கதைகள் வந்தன.

பலாத்காரத்துக்கு ஆளானவளையே வீராங்கனையாக்கியது நல்ல காரியம். நமது புராணத்தில் அகலிகைக்கு என்ன கிடைத்தது? இந்திரன் செய்த குற்றத்துக்கு இவள் கல்லானாள். கல்லாகாமல் புலிமேல் ஏறி வருகிறவளை நான் கையெடுத்து வரவேற்கிறேன். ஆனால் கதையில் அவளுக்குத் தைரியம் எப்படி வருகிறது? பார்வதி தேவி வந்து கொடுக்கிறாள்! நடுவில் சிவனுக்கு வேறு கோபம் வந்து உலகத்தையே தண்டிக்கிறார். அந்தப் பார்வதியும் சிவனும் 2012-க்கு முன் எங்கே போயிருந்தார்கள்? கிராமத்தாருக்குப் புரியவேண்டும் என்பதற்காகச் சாமியைக் கொண்டுவந்தோம் என்று சொல்லுவார்கள். கிராமத்தாருக்குச் சாமி இல்லாமல் புரியாது என்று யார் சொன்னது?

இதை வேறெந்த ஊரில் கேட்டாலும் நான் சும்மா விட்டுவிடுவேன். தர்மபுரி ஜில்லாவில் விடமாட்டேன். சித்தேரி மலையடிவாரத்திலுள்ள வாச்சாத்தியில் 1992 ஜூன் 20-ம் தேதி நடந்ததை இந்தக் கூட்டத்தில் பெரியவர்களாயிருக்கும் பலர் அறிவீர்கள். சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறைச் சிப்பந்திகள் அந்த மலைவாழ் மக்கள் கிராமத்தில் புகுந்தார்கள். அடித்தார்கள், வீடுகளைச் சூறையாடினார்கள், 18 பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள். அந்தப் பெண்களையே பிடித்து ஜெயிலிலும் போட்டார்கள். எதிரிகள் 269 பேர், எல்லோரும் சர்க்கார் சம்பளக்காரர்கள். இந்தப் பக்கம் படிப்பில்லாத மலைச்சாதிப் பெண்கள்.

எந்தப் பார்வதி வந்தாள்? மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் கம்யூனிஸ்டு தோழர்களும் வந்தார்கள், வக்கீல்கள் வந்தார்கள். 1995-ல் ஐகோர்ட்டு உத்தரவினால் சி.பி.ஐ. வந்தது. ஆனால் சொல்லவேண்டியதை அந்தப் பெண்கள்தான் சொன்னார்கள். அடையாள அணிவகுப்பில் நின்று இவன்தான் என்று கை நீட்டினார்கள். கோர்ட்டில் கூண்டிலேறி, கேட்கக் கூசும் கேள்விகளுக்கெல்லாம் ஜவாபு சொன்னார்கள். 19 வருஷம் ஆயிற்று. 2011 செப்டம்பர் 29-ம் தேதி தர்மபுரிக் கோர்ட்டில் தீர்ப்பு. அதற்குள் எதிரிகளில் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள், அதில் 17 பேர் பலாத்காரக் குற்றவாளிகள் என்று தீர்ந்தது. 2023 செப்டம்பர் 29-ம் தேதி சென்னை ஐகோர்ட்டும் அதை ஊர்ஜிதம் செய்து, அந்தப் பெண்களுக்குத் தலைக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுக்கவேண்டும் என்று சொல்லிற்று. அற்புதப் பெண்ணுக்குப் பொய்யனைப் பேசவைக்கத் தங்கக் கயிறு வேண்டியிருந்தது. இவர்களுக்கு வாயைத் தவிர வேறு ஆயுதம் கிடையாது.

இதோ ஒரு பெண் எனக்குச் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறாள். கல்லூரியில் படிக்கிறாளாம். "அப்படியானால் வாச்சாத்தியையே நாங்கள் படக்கதையாக வரையலாமா அக்கா?" என்று கேட்டிருக்கிறாள். வரையலாம் கண்ணு. ஆனால் முதலில் அந்த ஊருக்குப் போய், அந்த அம்மாக்களிடம் உட்கார்ந்து, வரையட்டுமா என்று கேள். வேண்டாம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடு. சரி என்று சொன்னால், முகம் தெரியலாமா, பெயர் வரலாமா, எதைச் சொல்லலாம், எதை விட்டுவிட வேண்டும் என்பதை அவர்களே சொல்லட்டும். வரைந்ததை அச்சுக்குப் போகுமுன் வாசித்துக் காட்டு. விற்கிற பணம் யாருக்கு என்பதை முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஜாய் ஹம்மலைச் செய்ததுபோல யாரையும் செய்துவிடாதீர்கள். புலியும் வேண்டாம், தலையைச் சுற்றி ஒளிவட்டமும் வேண்டாம். கோர்ட்டு வாசலில் காலையிலிருந்து சாயங்காலம் வரையில் உட்கார்ந்திருந்து, வாய்தா என்று கேட்டுத் திரும்பி வந்தார்களே, அதை நாலு பக்கம் வரை.

சித்தேரிப் பக்கம் போகவேண்டியவர்களுக்குக் கடைசி பஸ் நேரமாகிறதென்று தலைவியவர்கள் கடியாரத்தைக் காட்டுகிறார்கள். மற்றச் சீட்டுகளுக்கு அடுத்த கூட்டத்தில் ஜவாபு சொல்லுகிறேன்.